ஏப்ரல் 14-ஆ, 15-ஆ? இரு வங்கத்தாருக்கும் ஒரே மண்டபத்தில் புத்தாண்டு

கேள்வி: செந்தூல்காரன்

வணக்கம். 2026 ஏப்ரல் 19 ஞாயிற்றுக்கிழமைக்குக் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மண்டபம் பேசியிருக்கிறோம். 180 பேர் உட்காரலாம். நம்முடைய பராபவ வருடப் பிறப்போடு வங்காளிகளின் புத்தாண்டையும் சேர்த்துக் கொண்டாடுவதாகக் குடியிருப்பாளர் சங்கத்தில் முடிவாகிவிட்டது. வரப்போவது மூன்று தரப்பு: நம் ஆட்கள், கோத்தாராயா பக்கம் கடை வைத்திருப்பவர்களும் தொழிற்சாலை வேலையில் இருப்பவர்களுமான வங்காளதேசத்தார், பங்சார், மோண்ட் கியாரா பக்கம் குடியிருக்கும் கொல்கத்தாக் குடும்பங்கள்.

அழைப்பிதழிலேயே மாட்டிக்கொண்டோம். புத்தாண்டு ஏப்ரல் 14 என்கிறார்கள் ஒரு சாரார், 15 என்கிறார்கள் மற்றவர்கள். இவர்களை மலாயிலும் தமிழிலும் என்ன பெயரில் அழைப்பது என்பதிலும் குழப்பம். பழைய சோறும் இலிஷ் மீனும் பொதுச் சாப்பாடு என்று ஒருவர் சொல்ல, கொல்கத்தாப் பெண்மணி ஒருவர் அப்படி ஒரு வழக்கமே எங்களுக்குக் கிடையாது என்றார். தாகூர் பாடல் போட்டால் இரண்டு பேருக்கும் திருப்தி என்பது செயலாளரின் எண்ணம். "ஒரே மொழிதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம்" என்று சங்கத்தில் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

எது உண்மையிலேயே பொது, எதில் கவனமாக இருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: பினாங்குப் பஞ்சாங்கம்

இரண்டு தேதியும் சரி. அதனால்தான் அந்த வாதம் தீராது.

மேற்கு வங்கத்தில் இருப்பது நம்முடையதைப் போன்ற சூரியப் பஞ்சாங்கம். சூரியன் மேஷத்தில் நுழையும் நேரம், அதாவது சங்கராந்தி, நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். அந்த நேரத்தை நாளாக்கும் விதிதான் வேறு. நமக்கு, பொழுது சாய்வதற்குள் சங்கராந்தி நடந்தால் அன்றே சித்திரை 1, சாய்ந்தபிறகு என்றால் மறுநாள். வங்காளத்தில் நள்ளிரவுதான் எல்லை. நள்ளிரவுக்குள் நடந்தால் மறுநாள் அவர்களுடைய முதல் மாதமான பொய்ஷாக் 1. நள்ளிரவைத் தாண்டினால் இன்னும் ஒரு நாள் தள்ளும். சுருக்கமாகச் சொன்னால், ஆங்கிலத் தேதிப்படி சங்கராந்தி எந்தத் தேதியில் நடக்கிறதோ அதற்கு அடுத்த தேதி அவர்களுடைய புத்தாண்டு.

2024இல் சங்கராந்தி ஏப்ரல் 13 இரவு, இந்திய நேரம் ஒன்பது மணிக்கு மேல். நமக்குப் பொழுது சாய்ந்துவிட்டது, ஆகவே 14, கொல்கத்தாவுக்கும் 14. 2025இல் அது 14ஆம் தேதி விடியற்காலைக்கு நகர்ந்தது: நமக்கு 14, அவர்களுக்கு 15. 2026இல் 14 காலை: மறுபடியும் 14, 15. ஆண்டுக்கு ஆறு மணி நேரம் தள்ளிப்போய் லீப் ஆண்டில் திரும்பி வருவதால், இப்போதைக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரே நாள் அமைகிறது. இதில் ஒரு பொறி உண்டு. நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அங்கே இரவு ஒன்பதரைக்கு மேல் நடக்கும் சங்கராந்தியைக் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றினால் நள்ளிரவு தாண்டிப்போய்த் தேதி தவறும். கைப்பேசிச் செயலிகள் சில இப்படித்தான் குழப்புகின்றன. கொல்கத்தாப் பஞ்சாங்கத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். (நமக்கு வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு இருப்பதுபோல அவர்களுக்கும் குப்தா பிரெஸ், விசுத்த சித்தாந்தம் என்று இரண்டு கட்சி. அந்த வாசலுக்குள் நுழைய வேண்டாம்.)

வங்காளதேசம் சங்கராந்தியையே விட்டுவிட்டது. மொழியறிஞர் முகம்மது ஷாஹிதுல்லா தலைமையில் பாங்லா அகாதெமி அமைத்த குழு 1966இல் ஒரு திருத்தம் சொன்னது. 1987இல் அது அரசு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஏப்ரல் 14 நிலையானது. 2019இல் மாத நாள்களை மறுபடி மாற்றினார்கள்: முதல் ஆறு மாதம் 31 நாள், ஃபால்குன் 29, லீப் ஆண்டில் 30, மற்ற ஐந்தும் 30. 1952 பிப்ரவரி 21, விடுதலைப் போரில் வென்ற 1971 டிசம்பர் 16 போன்ற நாள்கள் அன்றைக்கிருந்த வங்காளத் தேதியிலேயே ஒவ்வோர் ஆண்டும் விழவேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. மொழிப் போராட்ட நாளான பிப்ரவரி 21 இப்போது எப்போதும் ஃபால்குன் 8.

அழைப்பிதழுக்கு வருவோம். உங்கள் ஏப்ரல் 19 டாக்காவுக்குப் பொய்ஷாக் 6, கொல்கத்தாவுக்குப் பொய்ஷாக் 5, நமக்குச் சித்திரை 6. மாதத் தேதியே போடாதீர்கள். "வங்காளப் புத்தாண்டு 1433" என்று ஆண்டை மட்டும் போட்டால் போதும்; ஆண்டு எண் இரு பக்கமும் ஒன்று. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மேடையில் விளக்கவும் வேண்டாம். அக்பர் பட்டமேறிய 1556, ஹிஜ்ரி 963. அதிலிருந்து சூரிய ஆண்டாக 470 கூட்டினால் 1433 வரும் என்பது பரவலான விளக்கம். இல்லை, அது ஏழாம் நூற்றாண்டு வங்கத்து இந்து மன்னன் சசாங்கன் காலத்தது என்பது இன்னொரு கட்சி. இந்த வாதம் மதப்பக்கம் போய் நிற்கும்.

மும்மொழிச் சுவரொட்டியில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: "சித்திரை" என்பதை அப்படியே "சோய்த்ரோ" என்று பெயர்த்துவிடுவார்கள். அவர்களுக்குச் சோய்த்ரோ கடைசி மாதம். புத்தாண்டு அழைப்பில் அது வந்தால் சிரிப்பார்கள்.

மே மாதத்தில் தாகூர் பிறந்தநாள் விழா எதுவும் யோசித்தால் இதே சிக்கல் அங்கும் வரும். பொய்ஷாக் 25 டாக்காவில் மே 8. 2026இல் கொல்கத்தாவில் மே 9.


பதில்: பத்துமலை272

பஞ்சாங்கம் அண்ணன் தேதியை முடித்துவிட்டார். நான் பெயருக்கு வருகிறேன்; மலேசியாவில் தேதியைவிட இதுதான் அதிகம் கடிக்கும்.

மலாயில் "பெங்காலி" என்றால் பெரியவர்கள் காதில் சீக்கியர் என்றுதான் விழும். கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்த வடஇந்தியர் எல்லோருக்கும் ஒட்டிய பெயர் அது. நம் தோட்டத்துப் பெரியவர்களும் சீக்கியரை வங்காளி என்றே சொல்லிப் பழகியவர்கள். ஆகவே "வங்காளிகள் வருகிறார்கள்" என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் தலைப்பாகையை எதிர்பார்த்து வருவார்கள். பினாங்கில் லெபோ லீத் பெங்காலி பள்ளிவாசல் 1803இலிருந்து நிற்கிறது. அங்கே அந்தப் பெயர் வங்கத்தையே குறித்தது. ரொட்டி பெங்காலி என்ற பெயர் நம் "பங்காளி"யிலிருந்து வந்தது என்ற விளக்கத்தை யாரும் இங்கே தொடங்க வேண்டாம், திரி அதோடு செத்துவிடும்.

"பங்ளா" என்று ஆளைச் சொல்வது நம் ஊரில் வசையாகிவிட்டது. மொழியைப் "பாங்லா" என்பது சரி, அது அவர்களே சொல்லும் பெயர். ஆளைச் சொல்லும்போது வங்காளதேசத்தார், மேற்கு வங்கத்தார் என்று முழுதாகச் சொல்லுங்கள். மலாய்ச் சுவரொட்டிக்குத் "தாஹுன் பாஹாரு பாங்லா 1433" போதும். நாடு குறிப்பிட வேண்டிய இடத்தில் "பங்ளாடேஷ்", "பெங்காலா பாராட்" இரண்டையும் ஒரே எழுத்தளவில் போடுங்கள்.

வங்காளி, வங்காளதேசி இரண்டும் ஒன்றல்ல. முதலாவது மொழி, இரண்டாவது குடியுரிமை. அந்த நாட்டிலேயே இது அரசியல் கேள்விதான். 1972 அரசியல் சட்டம் குடிமக்களை வங்காளி என்றது, ஜியாவுர் ரஹ்மான் காலத்தில் வங்காளதேசி ஆயிற்று, 2011 திருத்தம் "மக்களினம் வங்காளி, குடிமக்கள் வங்காளதேசி" என்று இரண்டையும் வைத்துக்கொண்டது. சிட்டகாங் மலைப்பகுதிச் சக்மா, மர்மா மக்கள் வங்காளதேசிகள்தான், வங்காளிகள் அல்லர். அதே ஏப்ரல் நாள்களில் அவர்களுக்குத் தனியாகப் பிஜு, சாங்ராய் பண்டிகைகள் இருக்கின்றன.

இன்னொன்று மிக முக்கியம். செலாயாங் சந்தைப் பக்கமிருந்து மியன்மாரின் ரோஹிங்கியா ஆள்களும் வரக்கூடும். அவர்கள் பேச்சு சிட்டகாங் பேச்சுக்கு நெருக்கமானது, காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் அவர்களை "வங்காளி" என்று சொல்லித்தான் மியன்மார் குடியுரிமையை மறுத்தது. உங்கள் மேடையிலிருந்து யாரும் அன்பாகக்கூட அந்தச் சொல்லை அவர்கள்மேல் வைத்துவிடக் கூடாது.

அறிவிப்பாளருக்கு: "ஷுபோ நொபொபொர்ஷோ" (புத்தாண்டு வாழ்த்து) இரு பக்கமும் செல்லும். தொடக்கத்தில் நொமோஷ்கார், சலாம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் "ஷுபோ ஷொகால்" என்று காலை வணக்கமாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. தண்ணீர் கொல்கத்தா இந்துக் குடும்பத்தில் "ஜொல்", வங்காளதேச முஸ்லிம் வீட்டில் "பானி". மூத்த பெண்ணை முன்னவர்கள் "திதி" என்பார்கள், பின்னவர்கள் "ஆப்பா". மாற்றிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் யாருடைய விழா இது என்று அந்த ஒரு சொல்லிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். பந்திப் பலகையில் சொல்லுக்குப் பதிலாகக் குவளைப் படம் ஒட்டுங்கள். "ஜொய் பாங்லா" (வங்கம் வெல்க) மட்டும் வேண்டவே வேண்டாம். எல்லையின் இரு பக்கமும் அதற்குக் கட்சி வாசனை உண்டு. வங்காளதேசத்தில் 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசினா ஆட்சி கவிழ்ந்தபிறகு நிலைமை இன்னும் சூடு.

வங்க எழுத்தில் அச்சடிப்பதாக இருந்தால் கோப்பு எந்த முறையில் வந்தது என்று முதலில் பாருங்கள். வங்காளதேசத்து அச்சகங்கள் பல இன்னும் "பிஜொய்" முறையில் தட்டச்சு செய்கின்றன. நம்முடைய பழைய பாமினி எழுத்துருக் கோப்பின் கதைதான்: எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பை. அனுப்புகிறவரிடம் யூனிகோடில் கேளுங்கள், "அவ்ரோ" விசைப்பலகையில் அடித்தால் யூனிகோடாகவே வரும். பிறகு வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கூட்டெழுத்துகள் உடையும், எகர ஒகரக் கொம்புகள் இடம் மாறி நிற்கும். அச்சுக்கு அனுப்புமுன் இரு தரப்பிலிருந்தும் ஒருவர் தாளில் வாசித்துப் பார்ப்பது நல்லது. திரையில் கண்ணுக்குத் தப்பியது தாளில் தப்பாது.


பதில்: அம்மிக்கல்

சாப்பாட்டுக்கு நான்.

அந்தக் கொல்கத்தா அம்மா சொன்னது சரி. பாந்தா பாத் இரு வங்கத்திலும் கிராமத்து உணவு, நம் பழைய சோறேதான். ஆனால் அதை இலிஷ் மீனோடு சேர்த்துப் புத்தாண்டுச் சடங்காக்கியது டாக்கா நகரம், 1980களில். கொல்கத்தாவில் அன்றைக்கு லூச்சி (மைதா பூரி), ஆட்டுக்கறி, இனிப்பு. வங்காளதேசத்திலும் இதற்கு எதிர்ப்பு உண்டு, ஏனென்றால் ஏப்ரல் இலிஷ் காலமே இல்லை. 25 செண்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு இலிஷைப் பிடிக்க நவம்பர் முதல் ஜூன் வரை அங்கே தடை. மார்ச், ஏப்ரலில் ஆற்றுச் சரணாலயப் பகுதிகளில் மீன்பிடிப்பே கிடையாது. இங்கே கிடைப்பது உறைந்த மீன், விலையும் கடுமை.

180 பேருக்கு இலிஷ் போட நினைக்காதீர்கள். ஒரு கிலோ மீனில் எட்டுப் பத்துத் துண்டுதான் வரும். ருசி காட்ட மூன்று நான்கு கிலோ வாங்கிச் சிறு துண்டாக வையுங்கள், அல்லது சரவாக் தெருபோக் வாங்குங்கள். அது இலிஷின் நெருங்கிய உறவு, அதே முள், அதே கொழுப்பு. தமிழ்நாட்டு மீன்கடையில் உள்ளம் என்று விற்பது இலிஷேதான். எதுவானாலும் முழு மீனாகக் கழுவிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வெட்டியபின் கழுவினால் கொழுப்பும் மணமும் தண்ணீரோடு போகும். இரண்டு செண்டிமீட்டர் கனத்தில் குறுக்காக வெட்ட வேண்டும். குழந்தைகள் மேசைக்கு இந்த மீன் வேண்டாம், முள் மயிரிழை போலிருக்கும்.

கடுகு இலிஷுக்கு ஒரு கிலோ மீனுக்கு மஞ்சள் கடுகு இரண்டு மேசைக்கரண்டி, கருங்கடுகு இரண்டு. அரை மணி ஊறவைத்து, பச்சை மிளகாய் ஐந்து, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து அரையுங்கள். உப்பும் மிளகாயும் இல்லாமல் அரைத்தாலோ, மிக்ஸி சூடாகும்வரை ஓட்டினாலோ கசக்கும். விட்டுவிட்டு ஓட்டி, தோலை வடிகட்டிவிடுங்கள். மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கடுகெண்ணெய் 80 மில்லி சேர்த்துப் பிரட்டி மூடிய பாத்திரத்தில் பதினைந்து நிமிடம் ஆவியில் வைத்தால் ஆயிற்று. போத்தலில் வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் அந்த எண்ணெயை வாங்காதீர்கள்.

பாந்தா செய்வதானால் நிகழ்ச்சியைக் காலையில் வைக்க வேண்டும். மாலை விழாவுக்கு அது பொருந்தாது, நம் ஊர் வெக்கையில் புளித்துவிடும். ஆளுக்கு 40 கிராம் அரிசி என்று ருசிக்கு மட்டும் வைத்தால் 180 பேருக்குப் புழுங்கலரிசி ஏழு கிலோ சொச்சம். இரவு ஒன்பதுக்கு வடித்து, அகலத் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, விசிறி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றுங்கள். அண்டாவிலேயே குவித்து விட்டால் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும், சோற்றில் விஷக்கிருமி வளர்வது அந்தச் சூட்டில்தான். ஆறியதும் கொதித்து ஆறிய தண்ணீரை நான்கு விரல் மேலே நிற்கும்படி ஊற்றி, துணியால் மூடி எட்டு முதல் பத்து மணி நேரம். இலேசான புளிப்பு வரும். கள் வாடை வந்தாலோ சோறு வழவழத்தாலோ கொட்டிவிடுங்கள், கழுவிப் பரிமாறும் வேலை வேண்டாம். உப்பு பரிமாறும்போதுதான்.

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு பொர்த்தா, அதாவது மசியல். கொல்கத்தாவில் ஆலு மாக்கா என்பார்கள், இருவருக்கும் பொது. கிழங்கு 15 கிலோ. கிலோவுக்குக் கடுகெண்ணெய் 40 மில்லி, வெங்காயம் 150 கிராம், எண்ணெயில் கருக வறுத்து நொறுக்கிய வற்றல் மிளகாய் எட்டு. வெங்காயத்தையும் உப்பையும் பரிமாறும் அரை மணிக்கு முன் சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் நீர்விட்டு நசநசக்கும், மதியத்துக்குள் கெட்டும்போகும். கருவாட்டுப் பொர்த்தா வங்காளதேசத்தாருக்கு உயிர். கொல்கத்தாவிலும் கிழக்கிலிருந்து வந்த குடும்பம் என்றால் கண் மலரும், பூர்வீக மேற்கத்தியர் மூக்கைப் பிடிப்பார்கள். தனி மேசையில், மூடி போட்டு, சன்னல் பக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாக்கின் எல்லை 1947 பிரிவினைக் கோட்டில் இல்லை. கொல்கத்தாவில் கிழக்குப் பூர்வீகத்தாரைப் பாங்கால் என்றும், மேற்குப் பூர்வீகத்தாரைக் கொட்டி என்றும் சொல்வார்கள். கொட்டி சமையலில் சர்க்கரை சேரும், பாங்கால் சமையல் காரம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று பந்தாட்டத்தில்கூடப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பங்சார் குடும்பங்களில் சிலருக்கு மோண்ட் கியாராக் குடும்பங்களைவிடக் கோத்தாராயாக் கடைக்காரரின் சமையல் நெருக்கமாக இருக்கலாம்.

முக்கிய உணவு கோழி ஜோல் (நீர்த்த குழம்பு), கிச்சுரி. கிச்சுரிக்கு 180 பேர் கணக்கில் அரிசி 9 கிலோ, மணம் வர வறுத்த பாசிப்பருப்பு 7 கிலோ. நம் வெண்பொங்கலுக்கு அண்ணன் தம்பி, சைவர்களுக்கும் அதுவே சாப்பாடு. சமையல்காரர் ஹலால் சான்றோடு இருக்கட்டும். வங்காளதேசச் சமையல்காரரிடம் தெஹாரி (பிரியாணி வகை) என்று சொன்னால் வழக்கமாக மாட்டிறைச்சிதான் வரும், ஆகவே "கோழி" என்று எழுத்தில் கொடுங்கள். கொல்கத்தாப் பிராமணர் என்றால் சைவம் என்று நினைத்து மீன் மேசையைக் காட்டாமல் விடாதீர்கள், அவர்களுக்கு மீன் இல்லாவிட்டால்தான் வருத்தம்.


பதில்: ஒன்றரைக்கட்டை

தாகூர் போட்டால் இருவருக்கும் திருப்தி என்பது முக்கால்வாசி சரி. மீதிக் காலில் ஓர் இடறல் உண்டு: "ஆமார் ஷோனார் பாங்லா". 1905இல் கர்சன் பிரபு வங்கத்தைப் பிரித்தபோது அதை எதிர்த்துத் தாகூர் எழுதியது. ஷிலாய்தஹா அஞ்சல்காரர் ககன் ஹர்கராவின் பாவுல் (நாடோடிப் பாடகர்) மெட்டைத் தழுவியது. கொல்கத்தாக்காரருக்கு அது இன்றும் ஒரு தாகூர் பாட்டு, உட்கார்ந்தபடி கூடப் பாடுவார்கள். வங்காளதேசத்தாருக்கு அதன் முதல் பத்து வரி நாட்டுப்பண். குழுப்பாடலாக வைத்தால் மண்டபத்தில் பாதி எழுந்து நிற்கும், பாதி தாளம் போடும், நம் ஆட்கள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தூதரகத்திலிருந்து யாராவது வருவதாக இருந்து நாட்டுப்பண் வேண்டும் என்றால், நம் நாட்டுப்பண்ணான நெகாராகூவோடு எந்த வரிசையில் என்பதை அவர்களிடமே கேட்டு முறையாகச் செய்யுங்கள்.

வங்காளதேசத்தின் தேசியக் கவியான நஸ்ருலைச் சமநிலைக்காக ஒரு பாட்டு என்று வைக்காதீர்கள். அவர் பிறந்த சுருலியா மேற்கு வங்கத்தில், 1976இல் அடக்கமான இடம் டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசல் அருகே. இஸ்லாமியப் பாட்டும் காளி மேல் பாட்டும் எழுதியவர். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்தால் யாருக்கும் குறை இருக்காது.

ஆனால் உண்மையில் இரு பக்கமும் ஒன்றாய் உயிரோடிருப்பது நாட்டுப் பாடல். பாவையாப் பாட்டு வங்காளதேசத்து ரங்க்பூருக்கும் சொந்தம், மேற்கு வங்கத்துக் கூச்பிகாருக்கும் சொந்தம். தோதாரா என்னும் தந்தி வாத்தியத்தை வாசித்தால் போதும், எந்தப் பக்கத்தான் என்று கேட்க மாட்டார்கள். கொம்பீரா என்னும் பாட்டுக்கூத்து இன்னும் சுவை. மால்தாவில் சிவனை முன்னால் நிறுத்தி ஊர்க்குறையை முறையிடுவது, எல்லையைத் தாண்டி வங்காளதேசத்துச் சாபாய் நவாப்கஞ்சில் அதே குறையைத் தாத்தாவும் பேரனும் பேசிக்கொள்வார்கள். சாமி போய்த் தாத்தா வந்தார், கிண்டல் அப்படியே இருக்கிறது. கோத்தாராயாப் பக்கம் சாபாய் நவாப்கஞ்ச் ஆள் ஒருவர் கிடைத்தால் பத்து நிமிடம் கொடுங்கள், மண்டப வாடகையையே கிண்டல் செய்யட்டும்.

நம் கலைஞர்கள் பக்கவாத்தியம் வாசிப்பதானால் முன்கூட்டியே பேச வேண்டியது சுருதி. அவர்கள் ஆங்கில எழுத்தில் சொல்வார்கள்: சி ஷார்ப் என்றால் நமக்கு ஒன்றரைக் கட்டை, ஏ ஷார்ப் என்றால் ஆறரை. தாளம்: தாத்ரா ஆறு, காஹர்பா எட்டு, மிருதங்கக்காரர் சமாளித்துவிடுவார். தாகூர் தாமே அமைத்த தாளங்களில்தான் விழுவார். ரூபக்ரா எட்டு அட்சரம் என்றதும் ஆதி தாளம் என்று நினைத்து நாலு நாலாய்ப் பிரித்தால் போச்சு, அது 3, 2, 3. ஜம்பக் ஐந்து. அந்தப் பாட்டுகளுக்குத் தபலாக்காரர் தனியாக வரட்டும்.


பதில்: கம்போங்_பாரு_ரவி

எல்லாம் சரி. ஆனால் "ஒரே பண்பாடு" என்று பேசுவதே கொல்கத்தா வரவேற்பறைப் பேச்சு என்று சொல்லும் வங்காளதேசத்தார் நிறைய. சில்ஹெட்காரரிடமும் நோக்காளிக்காரரிடமும் கொல்கத்தா உச்சரிப்பைத் தரம் என்று வைத்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? மதுரைத் தமிழ் பேசி யாழ்ப்பாணத்தாரைத் திருத்துவது மாதிரிதான். இவர்களை இணைத்தே ஆக வேண்டுமா? ஆளுக்கு ஒரு மணி நேரம் மேடை கொடுத்துவிட்டுப் போகலாமே.


பதில்: பத்துமலை272

ரவி, மேடையைப் பிரித்தால் முதல் மணிக்கு ஒரு கூட்டம் வந்து போகும், இரண்டாவது மணிக்கு இன்னொன்று. அதற்கு இரண்டு மண்டபம் எடுத்துவிடலாம். உச்சரிப்புப் பற்றிச் சொன்னது சரிதான். அறிவிப்பாளர் இருவர் இருக்கட்டும், இரு பக்கத்துக்கும் ஒருவர், அவரவர் பேச்சில்.

கண்காட்சி மேசை வைத்தால் சேலை அட்டையில் கவனம். டாங்காயில் சேலைக்குப் பெயர் தந்த டாங்காயில் என்ற ஊர் வங்காளதேசத்தில் இருக்கிறது. 1947க்குப் பிறகு அந்த நெசவாளர் பலர் நதியா மாவட்டம் ஃபுலியாவில் குடியேறி அதே தறியை அங்கே போட்டார்கள். 2024 ஜனவரியில் இந்தியா தன் பக்கத்து டாங்காயிலுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. வங்காளதேசத்தில் கொந்தளிப்பு, பிப்ரவரியில் அவர்களும் கொடுத்துக்கொண்டார்கள். ஆகவே அட்டையில் "டாங்காயில் நெசவு" என்று போட்டு, கீழே எந்த ஊரில் நெய்தது என்று மட்டும் எழுதுங்கள். வெள்ளைச் சேலை சிவப்புக் கரை இருவருக்கும் புத்தாண்டு உடை, அதில் தகராறே இல்லை.


செந்தூல்காரன்

மிக்க நன்றி, எல்லோருக்கும். நிகழ்ச்சியைக் காலை ஒன்பதுக்கு மாற்றிவிட்டோம். கடைசியாக இரண்டு கேள்வி. டாக்காவில் போகிற மாதிரி முகமூடி ஊர்வலம் ஒன்று மண்டபத்திலிருந்து சாலை முனைவரை போகலாமா? வாசலில் கோலமா, அவர்களுடைய ஆல்பனாவா?


பதில்: பினாங்குப் பஞ்சாங்கம்

ஊர்வலம் சாலையில் வேண்டாம். 2012 அமைதிப் பேரணிச் சட்டம் குடிமக்களுக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. குடிமக்கள் அல்லாதவர் பேரணி நடத்துவதும் அதில் சேர்வதும் குற்றம். மாட்டுவது உங்கள் சங்கம் மட்டுமல்ல, வேலை பெர்மிட்டில் இருக்கும் அந்த ஆட்களும்தான். மண்டபத்துக்குள் நாற்காலி வரிசைகளைச் சுற்றி வரட்டும். வெளிநாட்டிலிருந்து பாடகரை வரவழைத்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி தனி. ஊர்வலத்துக்குப் பழைய பெயரையும் போட வேண்டாம். 1989இல் டாக்கா பல்கலைக்கழக நுண்கலைத் துறை இந்த ஊர்வலத்தைத் தொடங்கியது, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் "மொங்கொல் ஷோபாஜாத்ரா" என்று ஏறியது, 2025இல் அங்கே பெயரை மாற்றிவிட்டார்கள், அந்தச் சண்டை இன்னும் ஆறவில்லை. "முகமூடி அணிவகுப்பு" போதும்.


பதில்: அம்மிக்கல்

வாசலுக்கு இரண்டும். ஆல்பனா நம் மாக்கோலம்தான், புள்ளி மட்டும் இல்லை, கொடியும் இலையுமாகக் கைபோன போக்கில் வரும். பச்சரிசி 200 கிராமை நான்கு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, நீர்த்த தோசை மாவுப் பதத்துக்குக் கரையுங்கள். சின்னத் துணியை நனைத்து உள்ளங்கையில் பிடித்து, மோதிர விரல் வழியாக மாவை ஒழுகவிட்டு இழுக்க வேண்டும். வழுவழுப்பான ஓட்டுத்தரையில் காய்ந்ததும் செதிலாக உரியும், ஆள் நடமாடினால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. கறுப்புத் தாள் ஒட்டிய பலகையில் போட்டு வாசலில் சாய்த்து வையுங்கள். மாவில் ஒரு கரண்டி வெள்ளைப் பசை கலந்தால் பிடித்துக்கொள்ளும். முந்தின இரவே போட்டுக் காயவிடுங்கள், ஈரத்தில் நிமிர்த்தினால் வழியும்.